சிறகின் விலை – 7: சாகாத விமானங்கள்

இதுவரை...

பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணற்றுக்காரர் வில்லியம் பைப்பர், நொடித்துப்போன ஒரு விமானக் கம்பெனியை 1930-இல் வெறும் 761 டாலருக்கு எடுத்தார். அதிலிருந்து பிறந்த 'கப்' விமானம், பறப்பதைப் பணக்காரர் கையிலிருந்து பிடுங்கிக் கடைக்காரருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் கொடுத்தது. போர் முடிந்த 1946-இல், இனி வீட்டுக்கு வீடு விமானம் நிற்கும் என்று நம்பி அமெரிக்கா ஒரே ஆண்டில் சுமார் 35,000 சிவில் விமானங்களைச் செய்து தள்ளியது. அடுத்த ஆண்டே சந்தை படுத்துவிட்டது.

1956-இல் செஸ்னா 172 வந்தது. விலை 8,995 டாலர். ஒரு நடுத்தர அமெரிக்கக் குடும்பத்தின் இரண்டு வருட வருமானத்துக்குள் நான்கு பேர் உட்காரும் விமானம். பிறகு ஏறுமுகம்தான். 1978-இல் அமெரிக்க ஆலைகளிலிருந்து 17,811 சிறு விமானங்கள் வெளியேறின. அந்த உச்சியில்தான் போன வாரம் நிறுத்தினோம்.

இனி இறக்கம்.

*

1986, விச்சிட்டா, கான்சஸ்.

ஊரின் அடையாளமே விமானம். செஸ்னா, பீச், லியர் எல்லாமே அந்த ஒரு ஊர்தான். அப்பா ரிவெட் அடித்த ஆலையில் மகன் ரிவெட் அடிப்பான். இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் காலைச் சாப்பாட்டுக் கடையில் இறக்கைகளைப் பற்றியே பேசுவார்கள்.

செஸ்னாவின் தலைவர் ரஸ் மேயர். விமானப்படையில் ஜெட் ஓட்டியவர். ஹார்வர்டில் சட்டம் படித்தவர். இந்த இரண்டு அனுபவமும் ஒரே ஆளிடம் இருந்தது இந்தக் கதைக்கு முக்கியம். விமானத்தின் மீது காதல் இருந்தது. நீதிமன்றம் எப்படி யோசிக்கும் என்பதும் தெரிந்திருந்தது.

அந்த ஆண்டு அவர் எடுத்த முடிவு இதுதான்: பிஸ்டன் எஞ்சின் விமானங்கள் இனி இல்லை. 152 இல்லை, 172 இல்லை, 182 இல்லை. ஜெட் விமானம் 'சைட்டேஷன்' தொடரும். டர்பைன் எஞ்சின் பூட்டிய 'கேரவன்' தொடரும். கம்பெனியின் பெயரை உலகமெங்கும் கொண்டுபோன சின்ன விமானங்கள் மட்டும் நின்றுவிடும்.

யோசித்துப் பாருங்கள். 1975-லேயே ஒரு லட்சமாவது ஒற்றை எஞ்சின் விமானத்தைச் செய்து முடித்த கம்பெனி அது. உலகத்தில் அதிகம் செய்யப்பட்ட விமானம் எது என்றால் இன்றுவரை பதில் செஸ்னா 172தான். சென்னையிலோ பெங்களூரிலோ பைலட் லைசென்ஸ் எடுத்தவர் யாரையாவது கேளுங்கள், முதலில் கையில் பிடித்தது பெரும்பாலும் ஒரு செஸ்னாவின் கட்டுப்பாட்டுச் சக்கரமாகத்தான் இருக்கும். அப்படி ஒரு சரக்கை, வாங்க ஆள் குறைந்தாலும் அடியோடு நின்றுபோகாத ஒரு சரக்கை, செய்கிறவரே நிறுத்துகிறார்.

மேயர் ஒரு வாக்கையும் சேர்த்துச் சொன்னார். சட்டத்தை மாற்றுங்கள்; மாற்றினால் திரும்பவும் செய்கிறேன்.

எந்தச் சட்டத்தை?

*

அதற்கு முன், ஒரு சின்ன விமானம் எப்படி வாழ்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

காருக்கு வயதாகும். துருப்பிடிக்கும், கைமாறும், கடைசியில் பழைய இரும்புக் கடைக்குப் போகும். விமானத்துக்கு அந்த விதி இல்லை. அமெரிக்காவில் தனியார் விமானம் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை கட்டாயச் சோதனைக்குப் போயாக வேண்டும். மெக்கானிக் மூடிகளையெல்லாம் கழற்றுவார். உள்ளே விளக்கடித்துக் கேபிள்களை விரலால் தடவிப் பார்ப்பார். சிலிண்டர்களில் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று அளப்பார். கழற்றியதை மாட்டி, லாக் புத்தகத்தில் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் பறக்க முடியாது.

இத்தனை மணி நேரம் ஓடினால் எஞ்சினைப் பிரித்து மறுசீரமைக்க வேண்டும் என்று தயாரிப்பாளரே கணக்கு கொடுத்திருப்பார். எஞ்சின் மாறும். புரொப்பல்லர் மாறும். சீட் துணி, ரேடியோ, பெயின்ட் எல்லாம் மாறும். அலுமினிய உடம்பு மட்டும் அப்படியே நிற்கும். கதவோரம் அறைந்த சின்னத் தகட்டில் தயாரிப்பாளரின் பெயரும் வரிசை எண்ணும் நிற்கும்.

ஐம்பது வயது விமானம் இந்த உலகத்தில் கிழடு இல்லை.

1980 வாக்கில் அமெரிக்காவில் இப்படிப் பறந்துகொண்டிருந்தவை இரண்டு லட்சத்துக்கு மேல். நன்றாகச் செய்ததுதான் வினையானது. செய்து விற்ற ஒவ்வொரு விமானமும், விற்றவரின் பெயரைத் தகட்டில் சுமந்தபடி, அவர் கண்ணுக்குத் தெரியாத ஹேங்கர்களில், அவர் கேள்விப்படாத மெக்கானிக்குகளின் கையில் உயிரோடு இருந்தது. தாத்தா விற்ற மாடு இன்று யாரையோ முட்டினால் பஞ்சாயத்து பேரன் வீட்டு வாசலில் கூடும் என்பது போன்ற நிலைமை.

கூடியது.

*

அமெரிக்கச் சட்டத்தில் இதற்கான விதை விமானத்தில் விழவில்லை. ஒரு மரவேலை இயந்திரத்தில் விழுந்தது.

கலிஃபோர்னியாவில் ஒரு மனைவி 1955 கிறிஸ்துமஸுக்குக் கணவருக்கு ஒரு இயந்திரம் வாங்கிக் கொடுத்தார். ரம்பம், துளைக்கருவி, கடைசல் மூன்றும் ஒன்றிலேயே. இரண்டு வருடம் கழித்துக் கணவர் ஒரு கட்டையைக் கடைந்துகொண்டிருந்தபோது, பிடி தளர்ந்து கட்டை பறந்து நெற்றியில் அடித்தது. வழக்கு யூபா பவர் புராடக்ட்ஸ் என்ற கம்பெனி மீது.

1963-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ரோஜர் டிரேனர் தீர்ப்பெழுதினார். பொருளில் குறை இருந்து அதனால் ஆளுக்கு அடிபட்டால் போதும். தயாரிப்பாளர் அஜாக்கிரதையாக இருந்தார் என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை.

நியாயமான தீர்ப்பு என்றே எனக்குப் படுகிறது. ஆலைக்குள் என்ன நடந்தது என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் நுகர்வோர் எப்படி நிரூபிப்பார்? மற்ற மாநிலங்களும் சில ஆண்டுகளில் இதே வழிக்கு வந்தன.

ஆனால் அந்தத் தத்துவம் மரவேலை இயந்திரத்துக்கும் சீசாவுக்கும் மோட்டார் காருக்கும் வகுக்கப்பட்டது. நாற்பது வருடம் ஓடும் பொருள் ஒன்று, ஆளைத் தூக்கிக்கொண்டு ஆகாயத்தில் போகும் பொருள் ஒன்று இருக்கிறதே என்று யாரும் தனியாக யோசிக்கவில்லை. வழக்கு போட, விபத்து நடந்த நாளிலிருந்து காலக்கெடு உண்டு. பொருள் விற்ற நாளிலிருந்து காலக்கெடு பெரும்பாலான மாநிலங்களில் கிடையாது. 1948-இல் விற்ற விமானம் 1984-இல் விழுந்தால், 1984-இன் அறிவை வைத்துக்கொண்டு 1948-இன் வடிவமைப்பை ஜூரி எடைபோடலாம்.

*

1983 ஜூலை. நியூ மெக்சிகோவில் ஒரு சின்னத் தனியார் விமானத்தளம்.

பைப்பர் சூப்பர் கப் ஒன்று கிளம்பத் தயாராக நிற்கிறது. வாலில் கயிறு கட்டி ஒரு கிளைடரை இழுத்துப்போக வேண்டும். விளம்பரப் படத்துக்காக அந்தக் கிளைடரைப் படம் பிடிக்கிறார்கள். அதற்காக முன் சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பின்னோக்கிக் கேமராவைப் பொருத்தியிருக்கிறார்கள்.

சூப்பர் கப்பில் ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டே இடம். முன்னால் உட்கார்ந்து ஓட்டுவதுதான் வழக்கம். இப்போது முன் சீட் இல்லாததால் பைலட் பின் சீட்டில். இந்த ரக விமானம் தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்து மூக்கு வானத்தைப் பார்க்கும். பின்னாலிருப்பவருக்கு நேர் எதிரே என்ன இருக்கிறது என்பதே தெரியாது. நடுவில் கேமரா வேறு.

தளத்தின் உரிமையாளருக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. பறக்கவிடாமல் தடுக்கத் தன் வேனைக் கொண்டுவந்து ஓடுபாதையில் நிறுத்திவிட்டார்.

விமானம் ஓடியது. வேனில் மோதியது. பைலட்டின் தலை கேமராவில் இடித்தது. உயிர் தப்பியது, மூளை தப்பவில்லை.

குடும்பம் வழக்கு போட்டது. பைப்பர் மீது. பின் சீட்டிலிருந்து முன்னால் பார்க்கும் வசதி போதாது, பின் சீட்டுக்குத் தோள்பட்டை வார் இல்லை என்பது குற்றச்சாட்டு. ஜூரி பைப்பருக்கும் பொறுப்பில் பங்கு உண்டு என்றது. வழக்கு மேலே போனது, திரும்பி வந்தது, மறுபடி மேலே போனது. அரசு சான்றளித்த வடிவமைப்புதானே என்று கம்பெனி வாதிட்டது. அரசுச் சான்று இருப்பதாலேயே மாநிலச் சட்டப்படி வழக்குத் தொடுக்கும் உரிமை போய்விடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னபோது ஆண்டு 1993.

விமானத் தொழிலில் இருந்தவர்கள் இந்தக் கதையைச் சொல்லாத மேடை இல்லை. சீட்டைக் கழற்றியது இன்னொருவர், வேனை நிறுத்தியது இன்னொருவர், பணம் கட்டுவது பைப்பரா என்று கேட்டால் எந்தக் கூட்டமும் சிரிக்கும். சிரித்து முடித்ததும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பின் சீட்டில் தோள் வார் இல்லை என்பது உண்மை. மேடைக் கதைகளில் அந்த வார் பெரும்பாலும் விடுபட்டுப்போனது.

*

இப்போது பணத்துக்கு வருவோம்.

சிறு விமானத் தொழில் முழுவதும் இழப்பீடு, வழக்குச் செலவு, இன்சூரன்ஸ் என்று கட்டியது 1970-களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு 2.4 கோடி டாலர் என்று தயாரிப்பாளர் சங்கம் கணக்குக் காட்டியது. 1985-இல் அது 20 கோடியைத் தாண்டிவிட்டது.

இந்த 20 கோடியை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1978 போல 17,811 விமானம் விற்றால், ஒரு விமானத்தின் தலையில் விழுவது 11,000 டாலர் சொச்சம். வலிக்கும், தாங்கலாம். ஆனால் 1985-இல் விற்றது சுமார் 2,000 விமானம்தான். வகுத்துப் பாருங்கள். ஒன்றுக்கு ஒரு லட்சம் டாலர்.

இதில் பெரிய ஜெட்டும் சின்ன செஸ்னாவும் ஒரே அளவு சுமக்கவில்லை, வாஸ்தவம். ஆனாலும் கணக்கின் கொடுமை புரியும். இழப்பீடு வருவது பழைய விமானங்களால். அதைக் கட்டுவது புதிய விமானம் வாங்குகிறவர். பழையவை இரண்டு லட்சம் பறந்துகொண்டே இருக்கின்றன, அவை குறையப்போவதில்லை. புதியது வாங்க வருகிறவர் குறையக் குறைய, வந்தவர் தலையில் சுமை கூடுகிறது. சுமை கூடினால் விலை கூடும். விலை கூடினால் வாங்க வருகிறவர் இன்னும் குறைவார்.

பீச் கம்பெனி தன் விமானங்கள் சிக்கிய விபத்துகளை 1983 முதல் 1986 வரை எடுத்து ஆராய்ந்தது. மொத்தம் 203. அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அவற்றில் ஒன்றுக்குக்கூட வடிவமைப்பையோ தயாரிப்பையோ காரணமாகச் சொல்லவில்லை. ஆனால் கம்பெனி மீது உரிமைகோரல்கள் வந்தபடி இருந்தன; ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 5,30,000 டாலர் செலவானது என்று பீச் சொன்னது. ஜெயித்தாலும் செலவு. தோற்றால் கேட்கவே வேண்டாம். வழக்கு நடத்துவதைவிடப் பேசி முடிப்பது மலிவு என்று தெரிந்தபின், பேசி முடிக்கலாம் என்ற எதிர்பார்ப்பே அடுத்த வழக்கைக் கூட்டி வரும்.

மேயர் 1986-இல் பார்த்தது இந்தக் கணக்கைத்தான். செஸ்னா 152 என்பது பயிற்சிப் பள்ளிகள் வாங்கும் சின்ன வண்டி. அதன் விலையில் அலுமினியத்துக்கும் எஞ்சினுக்கும் ஆள் கூலிக்கும் மேலே, எங்கோ எப்போதோ விழப்போகும் பழைய விமானத்துக்கான தொகையையும் ஏற்றினால், எந்தப் பள்ளி வாங்கும்?

*

எதிர்த்தரப்பும் பேசட்டும்.

வழக்கறிஞர்கள் கேட்டார்கள்: சந்தை சரிந்தது எங்களாலா? 1980 டிசம்பரில் வங்கிகளின் முதன்மை வட்டி 21.5 சதவீதம். அந்த வட்டிக்குக் கடன் வாங்கி எவன் பொழுதுபோக்குக்கு விமானம் வாங்குவான்? 1979-இன் எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் விலை ஏறியது. முன்னாள் படைவீரர்களின் பறக்கும் பயிற்சிக்கு அரசு கொடுத்துவந்த பணம் 1981-இல் நின்றது. பயிற்சிப் பள்ளிகளின் வகுப்பறையே காலியானது. அதே ஆண்டு ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த 11,000-க்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை ரேகன் வீட்டுக்கு அனுப்பினார். பாக்கியிருந்தவர்களால் சமாளிக்க முடியாமல் சின்ன விமானங்களுக்கு முன்பதிவு, கட்டுப்பாடு என்று வந்தது. தொழிலுக்காக விமானம் வாங்கினால் விலையில் ஒரு பங்கை வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை 1986-இல் ஒழிந்தது.

இவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. தேதிகளைப் பார்த்தால் அவர்கள் பக்கம் பலம் அதிகம் என்றே சொல்ல வேண்டும். 1978-இன் 17,811, 1982-இலேயே 4,266 ஆகிவிட்டது. இழப்பீட்டுச் செலவு உச்சிக்குப் போனதோ அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றும் சொன்னார்கள். செஸ்னாக்களின் சீட், முன்னும் பின்னும் நகர ஒரு தண்டவாளத்தில் ஓடும். அதன் துளைகள் தேய்ந்தால், மேலெழும் நேரத்தில் சீட் சறுக்கிப் பின்னால் போகும். பைலட் கையில் பிடித்த சக்கரத்தோடு பின்னால் போனால் மூக்கு தூக்கும், விமானம் நிலைகுலையும். 1987-இல் அந்தத் தண்டவாளங்களைச் சோதிக்கச் சொல்லி அரசே கட்டாய உத்தரவு போட்டது. இப்படி ஒரு குறை வெளியே வர வழக்குகளும் ஒரு வழிதானே?

என் தீர்ப்பு, அதற்கு எந்த மதிப்பும் இல்லையென்றாலும், இதுதான்: சந்தையைக் கீழே தள்ளியது வட்டியும் வரியும். எழுந்திருக்க விடாமல் கழுத்தில் கால் வைத்தது இழப்பீடு. எதிரிக்கு ஒரே முகம் கொடுத்தால் பிரசாரத்துக்கு வசதி. இரு தரப்பும் அதைத்தான் செய்தன.

*

பைப்பரின் கதை வேறு விதமாக முடிந்தது. இது ஒரு துணிச்சல்காரனின் கதை.

1987-இல் ஸ்டூவர்ட் மில்லர் என்ற தொழிலதிபர் பைப்பரை வாங்கினார். அவரே பைலட். இன்சூரன்ஸ் கம்பெனி பின்னால் இருப்பதால்தானே வழக்கு போடுகிறார்கள், இன்சூரன்ஸே இல்லையென்றால்?

இன்சூரன்ஸை விட்டார். பிரீமியம் போனதால் விலையைக் குறைத்தார். பயிற்சிப் பள்ளிகளுக்காக 'கேடட்' என்று சிக்கனமான ஒரு விமானம் அறிவித்தார். அலங்காரம் குறைவு, விலை குறைவு.

ஆர்டர்கள் குவிந்தன. மலிவான விமானத்துக்கு அமெரிக்கா எப்படிக் காத்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வந்த சிக்கல் ஒரு கணக்குப்பிள்ளை சொல்லக்கூடியது. கேடட்டைச் செய்ய ஆன செலவு, அதை விற்ற விலையைவிட அதிகம். ஆர்டர் கூடக் கூட நஷ்டம் கூடியது. பழைய விமானங்களின் வழக்குகளும் நின்றபாடில்லை. 1991 ஜூலையில் பைப்பர் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது.

அங்கே ஒரு விநோதமான கேள்வி எழுந்தது. கம்பெனியை வாங்க வருகிறவர், இனிமேல் விழப்போகும் பழைய பைப்பர்களுக்குப் பொறுப்பாவாரா? யார் விழப்போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிறக்காத வழக்குக்கு யார் வக்கீல்? அப்படியும் ஒரு பிரதிநிதியை நீதிமன்றம் நியமித்தது. எதிர்காலத்தில் விழப்போகிறவர்களின் சார்பில் இன்று வாதாட ஒருவர்! பிறக்காத அந்த வழக்குகள் கோரிக்கையாகக் கணக்கில் வராது என்று மேல்முறையீட்டில் முடிவானது 1995-இல்தான். அந்த ஆண்டு 'நியூ பைப்பர்' என்ற புதுப் பெயரில் கம்பெனி எழுந்தது.

*

வாஷிங்டன், 1993.

கான்சஸின் செனட்டர் நான்சி காசபாம் குடியரசுக் கட்சி. விச்சிட்டாவின் பிரதிநிதி டான் கிளிக்மன் ஜனநாயகக் கட்சி. ஊர் ஒன்று என்பதால் கட்சி இரண்டானாலும் கோரிக்கை ஒன்று: விற்று இத்தனை ஆண்டு கடந்தபின் தயாரிப்பாளர் மீது வழக்குப் போடக் கூடாது. பல ஆண்டுகளாக மசோதா கொண்டுவருவார்கள். ஆதரவு இருக்கும். ஆனால் பிரதிநிதிகள் சபையில் நீதிக் குழுவின் தலைவர் டெக்சாஸின் ஜாக் புரூக்ஸ். அவர் மேசையைத் தாண்டி அது வெளியே வராது.

குழு அமுக்கிவைத்த மசோதாவை வெளியே இழுக்க ஒரு வழி உண்டு. 218 உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் மசோதா நேரே சபைக்கு வரும். ஆனால் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பது ரகசியம். தொகுதியில் போய் ஆதரவு என்று சொல்லலாம், சபையில் கையெழுத்துப் போடாமல் இருக்கலாம். யாருக்கும் தெரியாது.

ஒக்லஹோமாவின் ஜிம் இன்ஹோஃப் இந்த ரகசியத்தைத்தான் குறிவைத்தார். அவரும் பைலட். 1993 செப்டம்பரில் விதி மாறியது; கையெழுத்துகள் பகிரங்கமாயின. விமானிகளின் சங்கங்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தொலைபேசியைச் சுழற்றத் தொடங்கின. நீதிக் குழுவின் கதவை இனி உள்ளிருந்து பூட்டிவைக்க முடியாது என்று புரூக்ஸுக்குப் புரிந்தது. பேரம் தொடங்கியது.

செனட்டில் 1994 மார்ச்சில் 91-க்கு 8. பிரதிநிதிகள் சபையில் கோடையில் குரல் வாக்கெடுப்பு. ஆகஸ்ட் 17-ஆம் தேதி கிளின்டன் கையெழுத்திட்டார்.

சட்டம் மூன்று பக்கத்துக்குள் அடங்கும். இருபது பேருக்குக் குறைவாக உட்காரும், அட்டவணைப்படி பயணிகளை ஏற்றாத விமானம். முதலில் கைமாறி 18 ஆண்டு ஆகியிருந்தால் தயாரிப்பாளர் மீது வழக்கு இல்லை. அரசிடம் குறையை மறைத்திருந்தால் இந்தக் கேடயம் கிடையாது. மருத்துவ அவசரத்துக்காக ஏற்றிச் செல்லப்பட்டவருக்கும் தரையில் நின்று அடிபட்டவருக்கும் இது பொருந்தாது. எழுத்தில் கொடுத்த உத்தரவாதமும் செல்லும்.

கையெழுத்து விழுந்த அந்த நாளில், 1976 ஆகஸ்டுக்கு முன் விற்ற லட்சக்கணக்கான விமானங்களின் பாரம் கம்பெனிகளின் தோளிலிருந்து ஒரே நொடியில் இறங்கியது.

அந்த ஆண்டு அமெரிக்காவில் செய்து அனுப்பிய சிறு விமானங்கள் 928. பதினாறு வருடத்தில் 17,811 என்பது 928.

நவம்பரில் தேர்தல். விச்சிட்டாவுக்குத் தொழிலை மீட்டுக் கொடுத்த கிளிக்மனை விச்சிட்டாவே தோற்கடித்தது. அதே இரவில் டெக்சாஸில் ஜாக் புரூக்ஸும் தோற்றார். மசோதாவைத் தள்ளியவரும் தடுத்தவரும் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள்.

*

மேயர் வாக்கைக் காப்பாற்றினார்.

விச்சிட்டாவில் இல்லை. கான்சஸின் தென்கிழக்கே இண்டிபெண்டன்ஸ் என்ற சிற்றூர், மக்கள்தொகை பத்தாயிரத்தை ஒட்டி. அங்கே புது ஆலை. 1996 ஜூலை 3-ஆம் தேதி திறப்பு விழா. பத்து வருடமாக ரிவெட் துப்பாக்கியைத் தொடாதவர்களும், தொட்டே பார்க்காத உள்ளூர் ஆட்களும் சேர்ந்து பயிற்சி எடுத்தார்கள்.

1997-இல் முதல் புதிய 172 வாடிக்கையாளர் கைக்குப் போனது. எரிபொருளைப் பீச்சியடிக்கும் புது எஞ்சின், மேம்பட்ட சீட்கள். உடம்பு அதே பழைய 172.

வாங்க வந்தவர்கள் விலைப் பட்டியலைப் புரட்டினார்கள்.

1956-இன் 8,995 டாலரை எடுத்து, நாற்பது வருடப் பணவீக்கத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் 1997-இல் சுமார் 53,000 டாலர் வர வேண்டும். பட்டியலில் இருந்தது ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி. இரண்டு மடங்குக்கும் மேல்.

பட்டியலில் 172 இருந்தது, 182 இருந்தது, 206 இருந்தது. பயிற்சிப் பள்ளிகள் எதிர்பார்த்துக் காத்திருந்த, எல்லாவற்றிலும் மலிவான, இரண்டு பேர் உட்காரும் 152 மட்டும் இல்லை. அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை.

வழக்குகளால்தான் விலை ஏறியது என்று பத்து வருடம் சொன்னார்கள். சட்டம் வந்தது. பழைய பாரம் இறங்கியது. ஆலை திறந்தது. ஆனால் அந்த மூன்று பக்கச் சட்டத்தின் ஒரு மூலையில், அதிகம் பேர் அப்போது கவனிக்காத ஒரு வாசகம் இருந்தது. பழைய விமானத்தில் புதிய பாகம் ஒன்றை மாட்டினால், அந்தப் பாகத்துக்கு மட்டும் 18 ஆண்டுக் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

ஒரு கார்புரேட்டர், ஒரு எரிபொருள் பம்ப், ஒரு சீட் பின். விமானம் கம்பெனியின் கையைவிட்டுப் போய்விட்டது. இவை யார் கையில் வந்து சேர்ந்தன? கம்பெனிகள் இறக்கிவைத்த பாரத்தைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டது யார், அதற்கான பில் யார் வீட்டுக்குப் போனது?

(தொடரும்)